மல்லிகையோடு வந்த பாட்டில்

பயாப்ஸி பாட்டிலை யார் கொண்டுவந்தார்கள் என்று நீங்கள் பார்ப்பதில்லை. பார்க்கும்படி உங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததும் இல்லை. பாட்டில் வருகிறது, எண் ஒட்டுகிறார்கள், உள்ளே இருக்கும் துண்டை மெழுகில் பதித்துச் சீவிச் சாயம் ஏற்றுகிறார்கள், கடைசியில் அது ஒரு கண்ணாடித் தகடாக உங்கள் நுண்ணோக்கிக்கு அடியில் வந்து படுக்கிறது. அதற்கு முன்னால் அது எங்கே இருந்தது என்று கேட்டால், நோயாளியின் உடம்பில் என்பீர்கள். சரிதான். உடம்பை விட்டுக் கிளம்பியதற்கும் உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்ததற்கும் நடுவில்?

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டார்கள். அறிவுரை எதுவும் இருக்காது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஒருத்தியின் வாக்கை எவ்வளவு நம்பலாம் என்பதைப் படித்து முடித்ததும் நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். சாயம் ஏற்றும் முறை, சீவும் கனம் போன்றவற்றுக்குப் புத்தகம் இருக்கிறது. அதில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மூளைக்கட்டி என்று ஒரு நோய் நம் துறையில் கிடையாது. எந்தச் செல்லிலிருந்து கிளம்பிய கட்டி என்பதுதான் உண்டு. ஸ்கேனில் ஒரே அளவாக, ஒரே வெள்ளையாகத் தெரியும் இரண்டு கட்டிகளில் ஒன்று மாதக் கணக்கில் ஆளை முடிக்கும்; மற்றது ஆயுள் முழுக்கக் கூடவே குடியிருக்கும். கதிர்வீச்சா, மருந்தா, வெட்டி எடுத்ததே போதுமா என்பதெல்லாம் இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது. நான் படித்த காலத்தில் இதற்கு விடை சுலபமாக இருந்தது. கட்டி எந்தச் செல்லைப் போல இருக்கிறதோ அதிலிருந்து பிறந்தது என்று எழுதிவிடுவோம். இப்போது அப்படியில்லை என்கிறார்கள். வளர்ந்து முதிர்ந்த செல் திடீரென்று கெட்டுப்போவதைவிட, மூளையின் உள்ளறை ஓரங்களில் இன்னும் என்னவாக ஆவதென்று முடிவெடுக்காமல் கிடக்கும் மூலச் செல்களும், பாதி வளர்ந்த முன்னோடிச் செல்களும்தான் பல கட்டிகளுக்கு ஆரம்பம் என்று ஆராய்ச்சி சொல்கிறது. முகஜாடை வேறு, பிறப்பு வேறு. குடும்பங்களில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம் நம் துறைக்குத் தெரியக் கொஞ்சம் காலமாயிற்று.

எங்கள் ஊர்த் தோல் வியாபாரி ஒருவர், மூளைக்கட்டி என்று கேட்டதும் சொத்தைப் பிரித்து எழுதப் போய்விட்டார். அவருக்கு வந்தது மூளையில் அல்ல, மூளையைச் சுற்றிய உறையில் முளைத்த கட்டி. எடுத்தாயிற்று, முடிந்தது. அதை விளக்கிச் சொன்னபோது என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"அப்ப மூளைல ஒண்ணுமில்லியா டாக்டரம்மா?"

"மூளைல ஒண்ணுமில்லை."

"அத எம் பொஞ்சாதி கல்யாணமான நாள்ல இருந்து சொல்றா" என்றார். பிறகு, "மேல் தோல்லதான் கோளாறுனு சொல்றீக. தோல் யாவாரிக்கு அங்கயும் தோல்லதான் வரணுமா? அல்ஹம்துலில்லா" என்று எழுந்து போனார். சொத்தைப் பிரித்த பத்திரத்தை ரத்து செய்ய அவர் பட்ட பாட்டை அவருடைய மகன்கள் சொல்வார்கள்.

எல்லாக் கட்டிகளும் இப்படிச் சிரித்துக்கொண்டே போய்விடுவதில்லை. நான் சொல்ல வந்தது வேறொரு பாட்டிலைப் பற்றி.

ஒரு திங்கட்கிழமை லேபுக்குள் நுழைந்தேன். எப்போதும் மூக்கை அறுக்கும் ஃபார்மலின் நெடிக்குப் பதிலாக மல்லிகைப்பூ வாசனை அடித்தது. எங்கள் டெக்னீஷியன் இப்ராகிம் பாய் பாட்டில்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், வீட்ல விசேஷமா?"

"நமக்கு ஏது மேடம் விசேஷம். நிலக்கோட்டைக்காரர் ஒருத்தரு மூளைப் பீஸ் கொண்டாந்தாரு. பூ யாவாரியாம். ஆளு போயி செத்த நேரமாச்சு, வாசம் போவ மாட்டேங்குது."

சிரித்துவிட்டு என் அறைக்குப் போய்விட்டேன்.

கூட வந்த சீட்டில் இருந்தது இவ்வளவுதான்: பெண், வயது பதினேழு, காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்கத்து மூளையில் கட்டி, ஒரு மாதமாக வலிப்பு. அறுவை சிகிச்சை எங்கள் ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த கட்டி முழுவதையும் எடுத்தாயிற்று என்று சர்ஜன் எழுதியிருந்தார்.

தகடுகள் தயாரானதும் முதலில் பார்த்தது டாக்டர் வினோதா. என்னோடு சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர், கெட்டிக்காரர். ரிப்போர்ட்டை அடித்தே கொண்டுவந்துவிட்டார்.

"ஆஸ்ட்ரோசைட்டோமா, கிரேடு மூணு மேடம். சந்தேகமே இல்ல."

"சந்தேகமே இல்லைன்னு யாராவது சொன்னா எனக்குத்தான் வினோதா சந்தேகம் வருது."

தகட்டை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. செல்களின் உட்கருக்கள் கறுத்து, கோணல்மாணலாக, ஒன்றுக்கொன்று ஒவ்வாத வடிவத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. வினோதா எழுதிய பெயருக்கு ஏற்றபடி, நரம்புச் செல்களுக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் நட்சத்திர வடிவத் துணைச் செல்லின் ஜாடை. கெட்ட ஜாடை. தேர்வில் இந்தத் தகட்டை வைத்து வினோதா எழுதியதை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். நானே போடுவேன்.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. இவ்வளவு மூர்க்கமாகத் தெரியும் கட்டியில் செல்கள் பிரிந்துகொண்டிருக்க வேண்டும். தகடு தகடாகத் தேடினேன். ஒரு செல்கூடப் பிரியவில்லை. முகத்தில் அத்தனை கோபத்தை வைத்துக்கொண்டு கையை ஓங்காமல் நிற்கும் ஆளைப் போல இருந்தது அது.

அப்போது போன் வந்தது. சர்ஜன்.

"மேடம், அந்த நிலக்கோட்டைப் பொண்ணு ரிப்போர்ட் என்னாச்சு? மதுரைல ரேடியேஷனுக்கு வெள்ளிக்கிழமை டேட் வாங்கிட்டேன். விட்டா அடுத்து எப்ப கிடைக்கும்னு தெரியாது. கிரேடு மட்டும் வாயால சொல்லிருங்க, பேப்பர் அப்புறம் வரட்டும்."

அவர் மோசமான மனிதர் இல்லை. நோயாளிக்காக அலையும் ஆள். நம் தொழிலில் நம்மை அவசரப்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள்தான். கெட்டவர்களுக்கு ரிப்போர்ட் எப்போது வந்தாலும் ஒன்றுதான்.

"நாளைக்குப் பேசுறேன்" என்றேன்.

"மேடம், சின்னப் பொண்ணு. லேட் ஆச்சுன்னா..."

"சின்னப் பொண்ணுங்கிறதாலதான் டாக்டர்."

பதினேழு வயது மூளைக்குக் கதிர்வீச்சு கொடுப்பது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். தேவைப்பட்டால் அது உயிரைக் காப்பாற்றும். தேவையில்லாமல் கொடுத்தால், படித்தது நிற்காது, பேச வந்த சொல் பாதியில் நிற்கும், எத்தனையோ வருஷம் கழித்து அந்தக் கதிர்வீச்சே இன்னொரு கட்டியை விதைத்தாலும் விதைக்கும். கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. மறுபக்கம், உண்மையிலேயே அது கெட்ட கட்டியாக இருந்து நான் தயங்கினால் அந்தப் பெண்ணின் நாட்களைத் தின்றவள் நானாவேன்.

மறுபடியும் தகட்டுக்கே வந்தேன். இம்முறை செல்களை விட்டுவிட்டு, செல்களுக்கு நடுவில் இருந்ததைப் பார்த்தேன். தகடு முழுக்க ஓட்டை. விளிம்பு கிழிந்த, கூர்முனை கொண்ட சின்னச் சின்ன ஓட்டைகள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்று தோன்றியது. தோன்றியதும் எழுந்து நின்றுவிட்டேன். அறுவை நடக்கும்போதே அவசரமாகப் பார்த்துச் சொல்ல வேண்டிய துண்டுகளை நாம் உறையவைத்துச் சீவுவோம் அல்லவா, அதில் வரும் ஓட்டைகள். செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி ஊசிபோல் நீண்டு, உட்கருவை நெருக்கிக் கறுக்கவைத்துக் கோணலாக்கிவிடும். நல்ல செல்லும் அப்போது ரவுடியைப் போலத் தெரியும்.

ஆனால் இந்தத் துண்டை நாங்கள் உறையவைக்கவே இல்லை. ஃபார்மலினில் வந்தது, ஃபார்மலினிலேயே வேலை நடந்தது.

மல்லிகை வாசனை அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பாய், அந்தப் பூ வியாபாரிக்குப் போன் போடுங்க. பாட்டிலை எங்க வச்சிருந்தார்னு கேளுங்க. சத்தமா வைங்க, நானும் கேக்கணும்."

இப்ராகிம் பாய் போனை மேசையில் வைத்துப் பேசினார். அந்தப் பெண்ணின் அப்பா பெயர் ராசு. நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் சின்னக் கமிஷன் கடை. பின்னால் வேன்காரர்களின் இரைச்சல்.

"அண்ணே, லேப்ல இருந்து இப்ராகிம் பேசுறேன். அந்தப் பாட்டில எங்க வச்சிருந்தீக?"

"ஏன் பாய், எதுவும் கெட்டுப்போச்சா?" குரலில் பயம்.

"சும்மா கேக்குறேண்ணே."

"கெட்டுப்போவ வாய்ப்பே இல்ல பாய். சனிக்கெழம பொழுது சாயத்தான் கையில குடுத்தாக. திங்கக்கெழமதான் லேப்பு தொறக்கும், பத்திரமா வச்சிருங்கன்னாக. வெயிலு இந்தப் போடு போடுது. பச்சக்கறி வெளிய கெடந்தா என்னாகும்? கட அடைக்கிற வரைக்கும் மடியிலயே வச்சிருந்தேன். பெறகு கடையில பூப்பொட்டிக்கு ஐஸ் பாட்டில் போடுற ஃப்ரீசர்ல வச்சுப் பூட்டிட்டேன். ஞாயித்துக்கெழம பூரா தொறக்கவே இல்ல. திங்கக்கெழம எடுக்கும்போது கல்லு மாதிரி இருந்துச்சு. பூப்பொட்டியில வச்சுத்தான் வேன்ல கொண்டாந்தேன்."

பாய் போனைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார். "கல்லு மாதிரி இருந்துச்சாம் மேடம்."

"கேட்டுச்சு பாய்."

யார்மேல் கோபப்படுவது? பாட்டிலை நோயாளியின் வீட்டாரிடம் கொடுத்தனுப்புவது நம் ஊர் வழக்கம். கொடுத்தவர் சொன்னது "பத்திரமா வச்சிருங்க" என்ற இரண்டே சொற்கள். இவர் தன்னிடம் இருந்ததிலேயே பத்திரமான இடத்தில் வைத்தார். டாக்டர் சொன்னதை இத்தனை சிரத்தையாக நிறைவேற்றிய நோயாளி வீட்டார் என் பணிக்காலத்தில் அதிகம் பேர் இல்லை.

சர்ஜனை அழைத்து வேறு துண்டு ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாவற்றையும் அந்தப் பாட்டிலில்தான் போட்டதாகச் சொன்னார். ஆக, பெண்ணின் தலையிலிருந்து எடுத்த அத்தனையும் ஐஸ் பாட்டில்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழித்திருந்தது.

இந்த இடத்தில் நமக்கென்று ஒரு சௌகரியமான வரி இருக்கிறது. 'துண்டு பரிசோதனைக்குத் தகுதியற்ற நிலையில் உள்ளது.' எழுதிக் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி நம்மை யாரும் தொட முடியாது. வினோதா அதைத்தான் எழுதலாமா என்று கேட்டார். நான் அவரிடம் கேட்டேன்: இதை எழுதினால் சர்ஜன் என்ன செய்வார்? ஸ்கேனில் 'கிளையோமா', அதாவது துணைச் செல் கட்டி, என்று போட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை டேட் இருக்கிறது. பெண்ணை மதுரைக்கு அனுப்புவார். அந்த வரி நம்மைக் காப்பாற்றும். பெண்ணை? கையைக் கழுவிக்கொள்வதற்கும் வேலையைச் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் ரிப்போர்ட்டில் தெரியாது. மருத்துவமனையில்தான் தெரியும்.

கெட்டுப்போன துண்டிலும் எல்லா இடமும் ஒரே அளவுக்குக் கெட்டிருக்காது. ராசு மாலையில் வாங்கிக் கடை அடைக்கும் வரை மடியில் வைத்திருந்தார். அந்தச் சில மணி நேரத்தில் ஃபார்மலின் துண்டின் ஓரங்களுக்குள் ஊறியிருக்கும். நடுப்பகுதி போனது போனதுதான். ஓரத்தில் ஏதாவது பிழைத்திருக்கலாம். மிச்சத் துண்டுகளையும் சீவச் சொல்லி ஓரங்களை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன்.

அங்கே உட்கருக்கள் உருண்டையாக, சாதுவாக இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு பெரிய ஓட்டை. வினோதா நுண்ணோக்கியின் இன்னொரு கண்குழாய் வழியே என்னோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுவும் ஐஸ் ஓட்டைதான மேடம்?"

நேற்று அவருக்கு எல்லாமே கட்டி. இன்று எல்லாமே ஐஸ். இதை நன்றாகக் கவனியுங்கள். ஒரு தப்பான விளக்கத்திலிருந்து மீண்டவர்களுக்கு, மீட்டுவிட்ட விளக்கத்தின் மேல் ஒரு பக்தி வந்துவிடும். அந்த பக்தி முதல் தப்பைவிட ஆபத்தானது. ஏனென்றால் இப்போது நாம் புத்திசாலி என்று வேறு நினைத்துக்கொண்டிருப்போம்.

"ஐஸ் ஓட்டையில யாராவது குடியிருப்பாங்களா வினோதா? நல்லாப் பாருங்க."

அந்த ஓட்டையின் விளிம்பு கிழியவில்லை, வழவழவென்று இருந்தது. உள்ளே வெறுமையும் இல்லை. மெல்லிய நீலச்சாயலில் ஏதோ கூழ் நிறைந்திருந்தது. அதற்கு நடுவில், குளத்தில் மிதப்பதைப் போல, ஒரே ஒரு நரம்புச் செல். பெரிய உட்கரு, அதற்குள் தெளிவான புள்ளி. நல்ல குடும்பத்துப் பிள்ளையைப் போல நின்றுகொண்டிருந்தது. தேடியதில் இன்னொன்றும் கிடைத்தது, பிறகு வேறொன்றும். கூழை மட்டும் பிடிக்கும் நீலச் சாயத்தை ஏற்றிப் பார்த்தபோது அந்தக் குளங்கள் நீலமாயின. ஐஸ் ஓட்டைகள் வெறும் ஓட்டைகளாகவே நின்றன.

நாம் டி.என்.இ.டி. என்று சுருக்கிச் சொல்லும் கட்டி அது. நரம்புச் செல்லும் துணைச் செல்லும் கலந்த, பரவாத, அமைதியான கட்டி. மூளை உருவாகும் காலத்திலேயே ஏதோ ஒரு முன்னோடிச் செல் கூட்டம் போகவேண்டிய இடத்துக்குப் போகாமல் நின்றதுதான் இதன் ஆரம்பம் என்று பலரும் நினைக்கிறார்கள். வெட்டி எடுத்தால் பெரும்பாலும் அதோடு தீர்ந்தது. கதிர்வீச்சு தேவையே இல்லை.

மகிழ்ச்சியில் குதிக்கவேண்டிய நேரம். என்னால் முடியவில்லை. இந்தக் கட்டி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் சிறுவயதிலிருந்தே வலிப்பு இருக்கும். சீட்டில் இருந்ததோ 'ஒரு மாதமாக'. பதினேழு வயது வரை தூங்கிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று விழித்த கட்டி என்றால், என் நீலக் குளங்களை நானே நம்பக் கூடாது. கெட்டுப்போன துண்டை வைத்துக்கொண்டு சொல்லும்போது நோயாளியின் கதையும் என் பக்கம் சாட்சி சொல்ல வேண்டும்.

பெற்றோரை வரச்சொன்னேன். ராசு ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பூக்கட்டும் நார்த் துண்டு ஒட்டியிருந்தது. அம்மா ஜெயா, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

எப்படிக் கேட்பது என்பதுதான் கேள்வி. "சின்ன வயசுல இருந்தே வலிப்பு இருந்துச்சா? இருந்துச்சுன்னா நல்லது" என்று கேட்டால் எந்த அம்மாவும் ஆமாம் என்பார். "உண்மையைச் சொல்லுங்கள்" என்று மிரட்டினால், சர்ஜனிடம் சொன்னதையே சொல்வார். நாம் கேட்கும் கேள்வி, நமக்கு வேண்டிய பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. அதனால் வலிப்பைப் பற்றி நான் பேசவே இல்லை.

"பொண்ணு வீட்டு வேலையெல்லாம் செய்யுமா?"

"அபிநயாவா? அம்புட்டு வேலையும் செய்வா டாக்டரம்மா. பூக்கட்ட ஒக்காந்தா எனக்கு முன்னாடி முடிச்சிருவா" என்றார் ஜெயா.

"தோட்டம் இருக்கா?"

"அரை ஏக்கர் மல்லி போட்டிருக்கோம். கெணத்துப் பாசனம்."

"காலைல பூப் பறிக்கப் போகுமா?"

"போவா. நான் கூடவே போவேன்."

"தோட்டத்துல கிணத்துத் தண்ணி எடுக்கிறது யாரு?"

"நாந்தான். அவள கெணத்துப் பக்கம் விடுறதில்ல."

"அடுப்பு?"

"அடுப்புக்கிட்டயும் தனியா விடுறதில்ல."

ராசு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

"எப்ப இருந்து விடுறதில்லை?"

"அது ஒண்ணாப்பு படிக்..." ஜெயா நிறுத்தினார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஏ புள்ள, அதான் வாயத் தொறந்துட்டேல்ல, சொல்லிரு" என்றார் ராசு, திரும்பாமலே.

"ஒண்ணாப்பு படிக்கையில பள்ளிக்கூடத்துல விழுந்தா டாக்டரம்மா. அப்பப்ப செத்த நேரம் கண்ணு ஒரு பக்கமா நிக்கும், வாய மென்னுக்கிட்டே இருப்பா, பெறகு சரியாயிரும். இரும்புச் சாவியக் கையில குடுத்துக் குடுத்தே ஓட்டிட்டோம். வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்? போன மாசம் மார்க்கெட்டுல வச்சு எல்லாரு முன்னாடியும் பெருசா வந்துருச்சு. அதான் மொத தடவன்னு சொல்லிட்டோம்."

சொல்லிவிட்டு அழுதார். நான் அப்போது சிரித்துவிட்டேன் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். அதற்காக அந்த அம்மா என்னை மன்னிக்கச் சில வாரங்கள் ஆயின. ஆனால் யோசித்துப் பாருங்கள், பத்து வருஷத்துக்கு மேலாக ஒரு குடும்பம் மூச்சுவிடாமல் காத்த ரகசியத்தைக் கேட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"ராசு, உங்க கடை ஃப்ரீசர்ல மல்லியை வைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"ஐயையோ, ஐஸுக்கு மேல வைப்போம், ஐஸுக்குள்ள வச்சா பூ கருகி..." அவர் முகம் மாறியது. "அப்ப அந்தப் பாட்டிலு?"

"அதுவும் பூ மாதிரிதான்."

"கறி மாதிரின்னு நெனச்சேன் டாக்டரம்மா" என்றார். அவர் குரலைக் கேட்டதும் அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

அவர்கள் போனதும் சர்ஜனை அழைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"மேடம், அந்தம்மா எங்கிட்ட மொதத் தடவைன்னு சாமி மேல சத்தியம் பண்ணாங்க."

"அந்தச் சாமியும் நிலக்கோட்டைதான் டாக்டர். பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும்னு அதுக்கும் இருக்காதா?"

"சரி. ஆனா ஐஸ்ல கெட்ட பீஸை வச்சு நான் எப்படி மேடம் ரேடியேஷனை நிறுத்துறது?"

"அதே கெட்ட பீஸை வச்சுத்தான ஆரம்பிக்கப் போனீங்க?"

மறுமுனையில் அவர் சிரித்தது கேட்டது. வெள்ளிக்கிழமைத் தேதியை விட்டுவிட ஒப்புக்கொண்டார். துண்டு பதித்த மெழுகுக் கட்டையை மரபணுச் சோதனைக்குப் பெருநகர லேப் ஒன்றுக்கு அனுப்புவது, கொஞ்சம் காத்திருந்து ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. இந்தக் காலத்தில் செல்லின் முகத்தைப் பார்த்து மட்டும் பிறப்பைச் சொல்வதில்லை. அதன் மரபணுவையும் விசாரிக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் விசாரணை முடிந்து விடை வர வாரக்கணக்காகும். அதற்குள் எடுக்கவேண்டிய முடிவுகளை அப்போதும் மனிதர்கள்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த வாரங்களில் நான் சரியாகத் தூங்கினேன் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

விடை வந்தது. கெட்ட கட்டிக்கான மாற்றம் எதுவும் இல்லை. நாங்கள் எழுதியதோடு ஒத்துப்போனது. ஸ்கேனும் சுத்தம். லேபில் இப்ராகிம் பாய் எல்லாருக்கும் பருத்திப்பால் வாங்கிக்கொடுத்தார். வினோதா, தான் முதலில் அடித்த ரிப்போர்ட்டைக் கிழித்துப்போடவில்லை. மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். இப்போதும் அங்கேதான் இருக்கும், வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

குடும்பமே வந்தது. வினோதாவும் என் அறையில் இருந்தார். அபிநயாவும் வந்திருந்தாள், தலையில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு. பயமில்லாத பெண்.

"ஏன் டாக்டர், எந்தலைல இருந்து எடுத்தத அப்பா ஐஸ் பொட்டில வச்சாராமே? அதுக்கும் கமிஷன் பிடிச்சாரா?"

"ஏத்தா, வாய மூடு" என்றார் ராசு. ஆனால் சிரித்தார். பிறகு அவளை வெளியே பாயிடம் அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டரம்மா, இது எதுனால வந்துச்சு? அவ சின்னப்புள்ளையா இருக்கையில பூக்கூடையக் கவுத்துவிட்டான்னு பொடணில ஒண்ணு வச்சேன். அதுக்குப் பெறகுதான் மொதத் தடவ விழுந்தா. அதுல வந்ததா?"

செல்லின் மூலத்தை நாம் தேடுவதைப் போலவே அவர்களும் தேடுகிறார்கள். நமக்கு அது எந்தச் செல் என்று தெரிந்தால் போதும். அவர்களுக்கு அது யாருடைய தப்பு என்று தெரிய வேண்டும். இத்தனை வருஷமாக அந்த மனிதர் தன் உள்ளங்கையைச் சந்தேகித்துக்கொண்டே பூ எடைபோட்டிருக்கிறார்.

"அதனால இல்லை ராசு. இந்தக் கட்டியோட வித்து அவ பிறக்கிறதுக்கு முன்னாடியே விழுந்திருக்கும்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. அதே நொடியில் பக்கத்தில் இருந்த ஜெயாவின் முகம் இருண்டது.

"அப்ப எம் வயித்துலயா கோளாறு?"

அப்பாவின் தோளிலிருந்து இறக்கியதை அம்மாவின் தலையில் வைத்திருந்தேன். உங்களுக்கும் இது நடக்கும். வாயிலிருந்து போன வார்த்தையை அங்கேயே, அப்போதே சரிசெய்யுங்கள். அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

"யார் வயித்துலயும் கோளாறு இல்லைம்மா. மூளை உருவாகும்போது எண்ண முடியாத அளவு செல்லுங்க இடம் பார்த்து நடந்து போகுது. உங்க பொண்ணுக்கு, எனக்கு, இந்தா இந்த டாக்டர் வினோதாவுக்கு, எல்லாருக்கும். அதுல நாலஞ்சு வழியில நின்னுபோச்சு. நீங்க சாப்பிட்டதுனாலயோ சாப்பிடாததுனாலயோ இல்லை. ஏன் நின்னுச்சுன்னு முழுசா இன்னும் யாருக்கும் தெரியாது. யாரும் பண்ணினது இல்லைங்கிறது மட்டும் தெரியும்."

அவர் அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டு முறையும் சொன்னேன். கூட்டம் காத்திருந்தது; காத்திருக்கட்டும்.

வலிப்பு மாத்திரையைச் சர்ஜன் மெதுவாகக் குறைத்தார். வலிப்பு திரும்ப வரவில்லை. நான் ஓய்வுபெற்ற பிறகும் ஜெயா எப்போதாவது போன் செய்வார், பெரும்பாலும் மல்லி விலையைத் திட்டுவதற்கு. ஒரு நாள் காலையில் வந்த அழைப்பில் குரல் வித்தியாசமாக இருந்தது. பதறிப்போய், "என்னம்மா, பிள்ளைக்கு என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா. கெணத்துல தண்ணி எடுக்கப் போறேன்னு கொடத்தத் தூக்கிட்டுப் போயிட்டா. ஒத்தையா. டாக்டரு போலாம்னு சொல்லிட்டாராம், அப்பனும் போகட்டும்னு சொல்லிட்டாரு."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். என்னாலதான் பாக்க முடியல. கதவச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ள ஒக்காந்திருக்கேன். செத்த நேரம் லைன்லயே இருங்க டாக்டரம்மா."

இருந்தேன். அந்தப் பக்கம் முதலில் ஒரு சேவல் கூவியது, பிறகு யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள். அப்புறம் கதவு திறக்கும் சத்தம். "எம்மா, இந்தக் கொடம் ஒழுகுதும்மா" என்று ஒரு குரல் கேட்டது. ஜெயா போனைக்கூட வைக்காமல் அவளைத் திட்ட ஆரம்பித்தார்.